புழுக்களின் பேராசிரியர் லாமார்க்

இன்று அறியப்பட்டுள்ள விலங்கினங்களுள் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவை முதுகெலும்பு அற்றவை. ஆயினும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அவற்றை முறையாகப் பகுத்தறிந்தவர் மிகச் சிலரே. வகைப்பாட்டியலின் தந்தையெனப் போற்றப்படும் லின்னேயஸ், விலங்குகளைப் பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள், புழுக்கள் என 6 வகுப்புகளாகப் பிரித்தார். நண்டும் சிலந்தியும் பூச்சிகளுள் அடங்கின. நத்தை, நட்சத்திர மீன், மண்புழு யாவும் புழுக்கள் என்னும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. அம்மூட்டையை அவிழ்த்தவர்களுள் தலையாயவர் லாமார்க்.

பிரான்சு நாட்டின் வடபகுதியில், 1744 ஆகஸ்டு 1-ஆம் நாள், பெயரளவில் பிரபுக் குடும்பமாயினும் செல்வம் குன்றிய இல்லத்தில் பிறந்தார். தந்தை மறைந்தபின் இளம் வயதிலேயே படையில் சேர்ந்தார். உடல்நலம் குன்றவே அதை விட்டு விலகித் தாவரங்களின்பால் மனம் செலுத்தினார். 1778-இல் வெளிவந்த பிரெஞ்சுத் தாவரங்கள் பற்றிய நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1793-இல் பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அமைந்தபோது, தாவரவியலாராகிய அவருக்குக் கிடைத்ததோ பூச்சிகள், புழுக்களுக்கான பேராசிரியர் பதவி! வயதோ ஐம்பதை நெருங்கிவிட்டது. அவர் மனந்தளரவில்லை; மாணவரைப்போல் முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். புறத்தோற்றத்தோடு நில்லாமல் சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் ஆகிய உள்ளமைப்புகளையும் அடிப்படையாகக் கொண்டார். செவுள்களால் சுவாசிக்கும் நண்டு, இறால் முதலியவற்றையும், எட்டுக் கால்களையுடைய சிலந்தி, தேள் இனத்தையும் பூச்சிகளினின்று பிரித்தார். மண்புழு, அட்டை ஆகியவற்றுக்கு வளையப் புழுக்கள் எனத் தனி வகுப்பு அமைத்தார். முதுகெலும்புள்ளவை, அற்றவை என்ற பாகுபாடும் அவரால் நிலைபெற்றது.

1809-இல் உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என விரிவாக எழுதினார். வாழ்நாளில் பெற்ற மாற்றங்கள் சந்ததிக்குச் செல்லும் என்ற அவரது விளக்கத்தைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. அக்காலத்திலோ பரிணாமம் என்ற கருத்தே எள்ளி நகையாடப்பட்டது. உடன் பணியாற்றிய கூவியேயும் அதை முற்றாக மறுத்தார்.

முதுமையில் லாமார்க் கண்பார்வை இழந்தார். எனினும் முதுகெலும்பற்றவை பற்றிய பெருநூல் நிற்கவில்லை. அவர் சொல்ல, மகள் எழுத, 7 தொகுதிகளும் 1822-இல் நிறைவுற்றன. 1829 டிசம்பர் 18-இல் வறுமையில் மறைந்தார். நிலையான கல்லறைகூட அவருக்கு வாய்க்கவில்லை. 1909-இல் பாரிசு தாவரத் தோட்டத்தில் சிலை எழுந்தது. பார்வையற்ற தந்தையும் மகளும் அதன் பீடத்தில் செதுக்கப்பட்டுள்ளனர்.

விளக்கம் பிழைபட்டதால் லாமார்க்கின் உழைப்பு பிழையாகிவிடவில்லை. அவர் வகுத்த பிரிவுகள் பல இன்றும் நம் பாடநூல்களில் நிலைத்துள்ளன. தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்யும் நாம், அவற்றின் பின்னே நின்ற அம்முதியவரையும் நினைவிற் கொள்வோமாக!