நரசிம்மனும் டிஃப்ராக்கும்

கம்ப்யூட்டர் என்றதும் நம்மில் பலருக்கு அமெரிக்காவும் ஜப்பானும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம்மாட்களே வடிவமைத்து, நம்மாட்களே கட்டி, 1960-லேயே பம்பாயில் ஓட்டிக் காட்டிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. பெயர் டிஃப்ராக். அந்தக் குழுவை நடத்தியவர் ஆர். நரசிம்மன். மைக்ரோபிராசசர் லேபில் உட்கார்ந்து ஹெக்ஸ் கோடு அடிக்கிற நாம் அவரைத் தெரியாமல் இருக்கலாமா?

1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். பிறகு அமெரிக்கா போய் கால்டெக்கில் மின் பொறியியலும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் முடித்தார். அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. 1954-ல் திரும்பி வந்து, ஹோமி பாபா நடத்திய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த குழுவில், அவரைத் தவிர வேறு யாரும் அதுவரை கம்ப்யூட்டரில் வேலை செய்ததில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தெரிந்தவர்களைத் தேடி ஊர் ஊராக அலையவில்லை. இருக்கிறவர்களை வைத்தே ஆரம்பித்தார்கள். முதலில் சின்னதாக ஒரு மாதிரி மெஷின் செய்து 1956-ல் ஓட்டினார்கள். அது ஓடின தைரியத்தில் பெரியதைத் தொடங்கினார்கள். அதில் வால்வுகளே சுமார் 2,700. மெமரி ஃபெரைட் கோர். 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தம் 10 கிலோபைட்! நம்ம கிட்டில் இருக்கிற 8085 கூட 64 கிலோபைட்டுக்கு முகவரி கொடுக்கும். 1962-ல் நேரு அந்த மெஷினுக்கு முறைப்படி பெயர் சூட்டினார்.

மெஷின் ஓடினால் மட்டும் போதுமா? அதனிடம் பேசத் தெரியணுமே. புரோகிராம் முழுக்க மெஷின் மொழியில். உலகத்தில் அந்த மாதிரி மெஷின் அது ஒன்றுதான், அதனால் கடையில் போய் வாங்கப் புத்தகம் கிடையாது. இங்கிலாந்தில் வில்க்ஸ், வீலர், கில் மூன்று பேரும் சேர்ந்து 1951-லேயே புரோகிராமிங் புத்தகம் போட்டிருந்தார்கள். ஆனால் அது அவர்களுடைய எட்சாக் மெஷினுக்கு. டிஃப்ராக்கின் கட்டளைகளை, அதைக் கட்டினவர்களேதான் கணக்கோடு வந்து நிற்கும் விஞ்ஞானிகளுக்குச் சொல்லித்தர முடியும்.

அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட மெஷின்களில் கட்டளையும் டேட்டாவும் ஒரே மெமரியில்தான் கிடக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் வரப்பே இல்லாத வயலில் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அது மாதிரிதான். ஒரு முகவரி தப்பினால் புரோகிராம் தன் தலையிலேயே தண்ணீரை விட்டுக்கொள்ளும். பிராசசரே வரப்பு கட்டிக் காவல் காக்கிற ஏற்பாடு, இன்டெல் வரிசையில் 1982-ல் 80286-ல் வந்தது. அதுதான் புராட்டக்டட் மோட். 1985-ல் 80386 அதை 32 பிட்டுக்குக் கொண்டுபோனது.

இப்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து அந்த 386 பற்றித் தமிழில் குறிப்பு எழுதி வருகிறோம். 386 ஆன் ஆகும்போது ரியல் மோடில்தான், அதாவது வரப்பு இல்லாமல்தான் எழுந்திருக்கும். நாம்தான் இன்டரப்டை நிறுத்திவிட்டு, ஜி.டி.டி. என்ற அட்டவணையை எழுதி, அது இருக்கும் இடத்தைச் சொல்லி, சி.ஆர். 0 ரிஜிஸ்டரின் கடைசி பிட்டை ஒன்றாக்கி, உடனே ஃபார் ஜம்ப் அடிக்க வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் எட்டு பைட். வயல் எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம், யார் இறங்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பிட் பிசகினால் எர்ரர் மெசேஜ் கூட வராது, மெஷின் ரீசெட் ஆகிவிடும். எங்கே தப்பு என்று எதைப் பார்ப்பது? ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம்: ஒருவன் எழுதினதை இன்னொருவன் அடித்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் நோட்டில் ஏறும்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருவன்தான். அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர். புரியாத வரியை ராத்திரி பத்து மணிக்கு எழுப்பிக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதை யாராவது நம் மொழியில் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. தேனி, போடி, உத்தமபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வரும் உங்களில் பாதிப் பேருக்கும் இதே நிலைமைதானே?

நரசிம்மனிடம் திரும்புவோம். 1961-லிருந்து 64 வரை இல்லினாய்ஸ் போய், துகள் இயற்பியல் போட்டோக்களை கம்ப்யூட்டர் தானே பார்த்து அடையாளம் காணும் வழியை ஆராய்ந்தார். திரும்பி வந்தபோது டிஃப்ராக்குக்கு வயதாகிவிட்டது. அதன் வேலையை சி.டி.சி. 3600 எடுத்துக்கொண்டது. இந்திய கம்ப்யூட்டர் சொசைட்டியின் முதல் தலைவரும் அவரே. 1977-ல் பத்மஸ்ரீ.

கடைசிக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிதான் வேடிக்கை. சின்னக் குழந்தைகள் பேச்சை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். மெஷினுக்கு மொழி கொடுத்த மனிதர், மழலையைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். மொழி நடத்தை பற்றி 1981-லும் 1998-லும் புத்தகங்கள் எழுதினார். 2007 செப்டம்பரில் பெங்களூரில் காலமானார்.