ஓய்வின் அருமை அறிந்த லெஸ்டர் பேட்ரிக்

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிலர் தடுப்பைத் தாண்டிப் பனித்தளத்தில் குதிப்பார்கள். அங்கே ஆடிக்கொண்டிருந்த சிலர் வெளியேறுவார்கள். ஒருவர் ஒரே மூச்சில் ஆடுவது ஏறக்குறைய 45 விநாடிதான். அதன்பின் ஓரிரு நிமிடம் அமர்ந்து இளைப்பாறிவிட்டு மீண்டும் வருவார். இந்த முறை வேரூன்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் லெஸ்டர் பேட்ரிக்.

லெஸ்டர் 1883 டிசம்பர் 31ஆம் தேதி கியூபெக் மாநிலத்தின் டிரம்மண்ட்வில் நகரில் பிறந்தார். அவரும் தம்பி ஃபிராங்க்கும் சிறுவயதிலிருந்தே ஹாக்கியில் ஊறியவர்கள். அக்காலத்தில் குழுவுக்கு ஏழு பேர். அரைமணி நேரம் கொண்ட இரண்டு பகுதிகள். களமிறங்கியவர்களே பெரும்பாலும் கடைசிவரை ஆட வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரர் பின்னால் நிற்பதே வழக்கமாக இருந்தபோது, லெஸ்டர் ரப்பர் வட்டைத் தாமே கொண்டு முன்னேறித் தாக்கினார். மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் குழு 1906, 1907ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது அவர் அதில் ஆடினார். அறுபது நிமிடம் ஓடிக் களைத்த கால்களின் வலி அவருக்கு நன்றாகவே தெரியும்.

பின்னர் அவரது குடும்பம் மரத் தொழிலுக்காகக் கனடாவின் மேற்குக் கரை மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1911ல் அந்தத் தொழிலை விற்ற பணத்தில், விக்டோரியா, வான்கூவர் நகரங்களில் கனடாவின் முதல் செயற்கைப் பனித்தள அரங்குகளை எழுப்பினார்கள். சகோதரர்கள் இருவரும் புதிய லீக் போட்டியையும் தொடங்கினார்கள். நீலக்கோடு, வட்டை முன்னோக்கிக் கடத்துதல் எனப் பல புதுமைகள் அங்கிருந்துதான் வந்தன. ஆட்டக்காரர்களை வரிசை வரிசையாக மாற்றிக் களைப்பாற விடும் உத்தியும் அவற்றுள் ஒன்று.

அதன் பலன் 1925ல் தெரிந்தது. லெஸ்டர் பயிற்றுவித்த விக்டோரியா கூகர்ஸ், ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் குழுவைச் சந்தித்தது. எதிரணியில் ஹோவி மோரென்ஸ் போன்ற மின்னல் வேக ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். லெஸ்டர் அடிக்கடி ஆட்களை மாற்றிப் புத்துணர்ச்சியோடு இருப்பவர்களை இறக்கிக்கொண்டே இருந்தார். விக்டோரியா 3-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்றது. தேசிய ஹாக்கி லீக்கைச் சேராத ஒரு குழு அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே கடைசி முறை.

இதில் என்ன சூட்சுமம்? முழு வேகத்தில் பாயும்போது, தசைகளில் உடனடிப் பயன்பாட்டுக்காக இருக்கும் சக்தி சில விநாடிகளிலேயே பெருமளவு குறைந்துவிடுகிறது. அது மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் தேவை. அதனால்தான் ஐஸ் ஹாக்கி வீரர்களின் வேகப் பயிற்சியில், பத்து விநாடிப் பாய்ச்சலுக்குப் பிறகு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஓய்வு தருகிறார்கள். ஓய்வைக் குறைத்தால் அடுத்த பாய்ச்சல் மெதுவாகும். அது தாக்குப்பிடிக்கும் ஆற்றலை வளர்க்கலாம். உச்ச வேகத்தை வளர்க்காது. கடும் பயிற்சிக்கு மறுநாள் எளிய பயிற்சி, இரவில் போதிய தூக்கம் ஆகியவையும் இதே கணக்கில் சேர்ந்தவை.

1926ல் லெஸ்டர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார். 1928 ஏப்ரல் 7ஆம் தேதி, மாண்ட்ரியல் மரூன்ஸ் குழுவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கோல் காவலர் லோர்ன் சாபோவின் கண்ணில் வட்டு பட்டது. அவருக்கு மாற்றுக் காவலர் இல்லை. அரங்கில் பார்வையாளராக இருந்த வேறொரு குழுவின் காவலரைப் பயன்படுத்த எதிரணி இசையவில்லை. மாற்று ஆட்டக்காரர்களின் மதிப்பை உணர்ந்த அந்தப் பயிற்றுவிப்பாளர், 44 வயதில் தாமே மாற்று ஆட்டக்காரராகக் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். ஒரே ஒரு கோலை மட்டும் விட்டுக்கொடுத்தார். கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸ் 2-1 என வென்றது. அந்த ஆண்டின் கிண்ணமும் அவர்களுக்கே கிடைத்தது.

1947ல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் லெஸ்டர் இடம்பெற்றார். 1960 ஜூன் 1ஆம் தேதி விக்டோரியாவில் காலமானார். அதே மாதத்தில் தம்பி ஃபிராங்க்கும் மறைந்தார். அமெரிக்க ஹாக்கிக்குத் தொண்டாற்றியவர்களுக்கு லெஸ்டர் பேட்ரிக் பெயரில் 1966 முதல் விருது வழங்கப்படுகிறது.

பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓடி முடித்ததும், மெதுவாக நடந்து திரும்பும்படி உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். நேரத்தை வீணாக்குகிறோமே என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த ஓட்டத்துக்கான வேகத்தை உங்கள் உடல் அந்த நடையில்தான் சேர்த்துக்கொள்கிறது.