நாடாவை வெட்டி இசை கோத்தவர்

நம் மன்றத்தின் கலை இரவுக்கு நடனப் பாடல்களைத் தொகுத்துத் தரும் நண்பர்கள் கணினி முன் என்ன செய்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையில் டிராக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வேண்டிய இடத்தில் ஒலித்துண்டை வெட்டுவார்கள். மேலே இருப்பதைக் கீழே இழுத்து வைப்பார்கள். இரு துண்டுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுத் தெரியாமல் மறைப்பார்கள். தவறிவிட்டால் இரண்டு விசைகளை அழுத்தினால் போதும், பழையபடி ஆகிவிடும். இத்தனையையும் கணினி இல்லாத காலத்தில் பிளேடும் ஒட்டுநாடாவும் கொண்டு செய்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் டெலியா டார்பிஷர்.

1937 மே 5ஆம் நாள் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் டெலியா பிறந்தார். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசித் தகர்த்தபோது அவருக்கு வயது மூன்று. அபாயச் சங்கின் ஏறி இறங்கும் ஊளையும் ஆபத்து நீங்கியபின் எழும் நீண்ட ஒலியும் அக்குழந்தையின் மனத்தில் ஆழப் பதிந்தன. எந்த இசைக்கருவியிலும் பிறக்காத ஒலிகள்மீது தமக்கு ஏற்பட்ட பற்றுக்கு அவையே தொடக்கம் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

படிப்பில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜின் கிர்டன் கல்லூரியில் கணிதமும் இசையும் பயின்று 1959இல் பட்டம் பெற்றார். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டுச் சென்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திறமை போதாது என்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்! 1960இல் பிபிசியில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்தார். லண்டன் மைடா வேல் கட்டடத்தில் 1958 முதல் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற பிரிவு இயங்கிவந்தது. நாடகங்களுக்கு விசித்திர ஒலிகளைச் செய்து தரும் இடம் அது. பலரும் போகத் தயங்கிய அந்த இடத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டு 1962இல் அங்கே போனார்.

மறு ஆண்டே அந்த வேலை வந்தது. ‘டாக்டர் ஹூ’ என்னும் புதிய தொலைக்காட்சித் தொடருக்கு ரோன் கிரேய்னர் முகப்பு இசை எழுதியிருந்தார். மெட்டும் அடித்தளச் சுரங்களும் சில குறிப்புகளும் அடங்கிய தாள் ஒன்றுதான் டெலியாவின் கைக்கு வந்தது. வாத்தியக்காரர்கள் எவரும் இல்லை. சிந்தசைசர் கடைக்கு வராத காலம். பல டிராக் பதிவுக் கருவியும் அங்கு இல்லை.

டெலியாவும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் செய்ததைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. தந்தி ஒன்றை மீட்டிய ஒலியை நாடாவில் பதிந்தார்கள். நாடாவின் வேகத்தை இருமடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அரைச் சுரம் உயர வேண்டுமானால் வேகம் ஏறத்தாழ 1.06 மடங்கு ஆக வேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளியில் ‘லோகரித்மா’ என்று படித்தோமே, தமிழில் மடக்கை, அந்த அட்டவணை நூலை அவர் கையிலேயே வைத்திருந்தார். நம்மில் பலர் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோன பாடம் அது! இப்படிச் சுரம் சுரமாகப் பதிந்து, அளந்து வெட்டி ஒட்டினார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடிச் சுரம் ஏழரை அங்குலம். தாளம் அங்கே அடிக்கோலில் இருந்தது. நாடாவை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் ஒரு துண்டு மங்கும்போதே அடுத்தது எழும். இன்று மென்பொருளில் ‘கிராஸ்ஃபேட்’ என்கிறோமே, அதேதான். மெட்டுக்கு மின் அலையாக்கிகளும் சீறும் காற்றொலிக்கு வடிகட்டிய வெள்ளை இரைச்சலும் பயன்பட்டன.

ஒவ்வோர் அடுக்கும் தனித்தனிச் சுருளில் இருந்தது. எல்லாப் பொறிகளையும் கைகளால் ஒரே கணத்தில் ஓடவிட்டு, சேர்ந்து வரும் ஒலியை வேறொரு சுருளில் பிடிக்க வேண்டும். ஒரு சுருளில் ஓரிடத்தில் அங்குலம் கூடினால், அதன்பின் வரும் எல்லாச் சுரங்களும் மற்றச் சுருள்களோடு பொருந்தாமல் நழுவிவிடும். இன்றைய மென்பொருளில் ஒரு துண்டை நீக்கும்போது, அந்த டிராக் மட்டும் நகர வேண்டுமா, எல்லா டிராக்குகளும் சேர்ந்து நகர வேண்டுமா என்று தேர்ந்துகொள்ளலாம். அவர்களுக்கு அந்த வசதி ஏது? ஒருமுறை எங்கோ ஒரு சுரம் பிசகியது. எவ்வளவு கேட்டும் இடம் அகப்படவில்லை. சுருள்களை எடுத்துக்கொண்டு மைடா வேலின் நீண்ட நடைபாதைக்குப் போய், நாடாக்களைத் தரையில் பக்கம் பக்கமாக விரித்துவிட்டார்கள். ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, ஓரிடத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு நேராக இல்லை. காதுக்குப் பிடிபடாத பிழையைக் கண் பிடித்துவிட்டது. நம் கணினித் திரையில் டிராக்குகள் அடுக்கப்பட்டிருப்பதும் அந்த நடைபாதையைப் போலத்தானே?

முடிந்த இசையைக் கேட்ட கிரேய்னர், தாம் எழுதியது இதுதானா என்று வியந்தாராம். இசையமைப்பாளராக டெலியாவின் பெயரையும் சேர்க்க வேண்டும், உரிமத்தொகையில் பாதியை அவருக்குத் தரவேண்டும் என்று அவர் விரும்பினார். பிரிவின் ஊழியர்கள் பெயரின்றியே உழைக்க வேண்டும் என்ற பிபிசியின் வழக்கம் குறுக்கே நின்றது. 1963 நவம்பர் 23இல் தொடர் ஒளியேறியது. அவ்விசை சிற்சில மாற்றங்களுடன் 1980 வரை ஒலித்தது. உலகமே கேட்டது, செய்தவர் யாரென்று தெரியவில்லை. 2013இல் ஒளியேறிய 50ஆம் ஆண்டுச் சிறப்புப் படைப்பில்தான் அவர் பெயர் முதன்முறையாக அந்த இசைக்கு உரியவராகத் திரையில் வந்தது.

அவருடைய மற்றப் படைப்புகளுள் எனக்குப் பிடித்தது சகாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அமைத்த இசை. உலோக விளக்குக் கூடு ஒன்றைத் தட்டிப் பதிந்து, தட்டும் ஒலியை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் நீளும் ரீங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பாலைவனம் கண்முன் விரிகிறது.

1973இல் பிபிசியை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் வானொலித் தொடர்பாளராக இருந்தார். புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். 2001 ஜூலை 3இல், 64ஆம் வயதில் மறைந்தார்.

அதன்பின் அவர் வீட்டுப் பரணில் 267 நாடாச் சுருள்கள் கிடைத்தன. பல, காலைத் தானிய உணவுப் பெட்டிகளுக்குள் இருந்தன. அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக்குச் சென்றன. அவற்றுள் ஒன்றில், 1960களின் இறுதியில் அவர் செய்து பார்த்த தாளத் துண்டு ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து வந்த நடன இசை போலவே ஒலிக்கிறது. இதைப் பொருட்படுத்த வேண்டாம், சும்மா ஆர்வத்துக்காகச் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் அதைத் தொடங்குகிறார்.