முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்மணி. சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர்.

பிறப்பும் கல்வியும்

இவர் புதுக்கோட்டையில் நாராயணசாமி ஐயர், சந்திரம்மாள் தம்பதியினருக்குப் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவதற்கு எதிர்ப்பு இருந்த அக்காலத்தில், மன்னரின் அனுமதியோடு ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பொது வாழ்வு

1926 இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947 இல் நிறைவேறியது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 இல் பதவி துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

புற்றுநோய் மருத்துவமனை

இவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளவயதிலேயே இறந்தார். தொடக்கத்தில் அந்நோய் சீதபேதி எனத் தவறாகக் கருதப்பட்டமையால் உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை. இவ்விழப்பே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணத்தை இவருள் விதைத்தது. 1925 இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது அங்குள்ள புற்றுநோய் சிகிச்சை முறைகளையும் அறிந்து வந்தார்.

புற்றுநோய் வந்தால் மரணம் உறுதி என்று பரவலாக நம்பப்பட்டதால் இம்முயற்சிக்கு எளிதில் ஆதரவு கிட்டவில்லை. 1949 இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டத் தொடங்கினார். அக்டோபர் 10, 1952 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். சூன் 18, 1954 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. இவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

மறைவும் நினைவும்

1956 இல் பத்ம பூசண் விருது பெற்ற இவர், தமது 81 ஆம் வயதில் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய் ஆகும். மாதவிடாய் நின்ற பின்னர் உடற்பருமன் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் இது பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியதே. தங்கைக்குக் கிட்டாத அந்த வாய்ப்பு பிறருக்குக் கிட்ட வேண்டும் என்பதே முத்துலட்சுமியின் மருத்துவப் பணிக்கு அடிப்படையாக அமைந்தது.