ஐடா அம்மாவும் பக்கத்தில் நின்ற நர்சுகளும்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு நம்ம கூட்டமைப்புத் தலைவி கேட்டாங்க. பாப்பாரப்பட்டின்னா எல்லாருக்கும் சுப்பிரமணிய சிவாதான் நினைவுக்கு வருவார். 1925 ஜூலையில் இந்த ஊரில்தான் அவர் உயிர் பிரிந்தது. அவரைப் பற்றி நம்ம பிள்ளைகளே நன்றாக எழுதுவார்கள். நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பெரிய வியாதின்னா வேலூருக்கு பஸ் ஏறுகிறவங்கதானே நாம.

ஐடா அம்மா 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பாவும் தாத்தாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் டாக்டர்கள். இவருக்கு மட்டும் அந்த வேலையில் விருப்பமே இல்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டு இருந்தவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890ல் திண்டிவனம் வந்தார். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகி இருந்தது. என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்று ஐடா சொன்னார். ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அதன் பிறகுதான் டாக்டர் படிப்பு. 1899ல் கார்னெல் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900ல் வேலூருக்கு வந்தார். வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். 1902ல் 40 படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது. இதெல்லாம் பல புத்தகங்களில் இருக்கிறது. எனக்கு மனசில் நிற்பது வேறு விஷயம்.

அந்த முதல் நாட்களில் ஐடா அம்மாவுக்கு உதவியவர் சலோமி என்ற பெண். நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவர் இல்லை. டாக்டர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்து வேலை கற்றுக்கொண்டவர். ஒரு டாக்டர் எத்தனை கட்டிலைப் பார்க்க முடியும்? ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருக்கப்போவது நர்ஸ்தான். இது ஐடா அம்மாவுக்குப் புரிந்திருந்தது. டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் அங்கே வந்து சேர, 1909ல் செவிலியர் பள்ளி தொடங்கினார்கள். பெண்களுக்கான டாக்டர் பள்ளி வந்ததே 1918ல்தான். நர்ஸுக்குப் பள்ளி முதலில், டாக்டருக்குப் பள்ளி பிறகு! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

1946ல் அந்தப் பள்ளி கல்லூரி ஆனது. நம்ம நாட்டில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு அந்த ஆண்டுதான் தொடங்கியது, வேலூரிலும் டில்லியிலும். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வகுப்பில் பாடம் எடுக்கிற டீச்சருக்கே வார்டிலும் பொறுப்பு இருக்கும். கற்றுத் தருகிறவர் கட்டில் பக்கத்திலும் நிற்பார். இப்போ இதை கிளினிக்கல் சூப்பர்விஷன்னு சொல்றாங்க. அனுபவம் உள்ள நர்ஸ் ஒருத்தர் இளையவளோடு உட்கார்ந்து, எந்த நோயாளியை எப்படிப் பார்த்தாய், எங்கே தடுமாறினாய் என்று கேட்டு, வழி சொல்லித் தருவது. ரெஜிஸ்டர் செக் பண்ணி சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவது இதில் சேராது.

என் கதையையும் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசில், ஒரு வீட்டில் ராத்திரிப் பிரசவம். குழந்தை நல்லபடியா பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கேட்க ஆள் இல்லை, அப்போ செல்போனும் கிடையாது. கை நடுங்க ஊசி போட்டு, டெம்போ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். மேலே இருந்தவங்க வந்து ஏன் லேட்டுன்னு விளக்கம் எழுதி வாங்கிக்கிட்டாங்க. ராத்திரி என்ன நடந்ததுன்னு யாரும் கேட்கல. மூணு மாசம் பிரசவம்னாலே எனக்கு வயிறு கலங்கும்.

பிறகு மாற்றலாகி வந்த ஒரு மூத்த நர்ஸ் அக்கா, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, அந்த ராத்திரியை முதலிலிருந்து சொல்லச் சொன்னாங்க. அடிவயிற்றில் கை வைத்து கர்ப்பப்பை கெட்டியா இருக்கான்னு பார்த்தியா, தேய்த்து விட்டியா, அந்தப் பெண் ஒண்ணுக்குப் போனாளான்னு கேட்டாங்க. கடைசிக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது, ரத்தமும் நிற்காது. பாடத்தில் படித்ததுதான், பயத்தில் மறந்து போச்சு. அந்த அக்கா திட்டல. அடுத்த இரண்டு பிரசவத்துக்கு என்கூடவே வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் ஓய்வு பெறும் வரை எந்தப் பிரசவத்திலும் நான் அதை மறந்ததில்லை.

ஐடா அம்மா 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார், 89 வயது.

நம்ம குழுவில் இருந்து தங்கச்சிகள் சிலர் மருமகளையோ மகளையோ கூட்டிக்கொண்டு பிரசவத்துக்கு சுகாதார நிலையம் போவீங்க. அங்கே ராத்திரி டியூட்டியில் சின்ன வயசு நர்ஸ் ஒருத்தி தனியா இருப்பாள். அடுத்த முறை மருத்துவ அலுவலரைப் பார்க்கும்போது, அந்தப் பொண்ணுக்கு ராத்திரியில் சந்தேகம் வந்தால் போன் பண்ண மூத்த நர்ஸ் யாராவது இருக்காங்களா, மாசம் ஒருமுறையாவது அவளோடு உட்கார்ந்து பேசறாங்களான்னு கேட்டுப் பாருங்க. நானும் கூட வர்றேன்.