மண்ணின் பதத்துக்கு எண் கொடுத்த அட்டர்பெர்க்

களிமண் ஈரமாக இருந்தால் காலில் ஒட்டும். காய்ந்தால் மண்வெட்டியே இறங்காது. மண் அதே மண்தான், மாறியது தண்ணீர் மட்டுமே. எவ்வளவு ஈரத்தில் மண்ணின் குணம் மாறுகிறது என்பதை அளந்து காட்டியவர் சுவீடன் நாட்டின் ஆல்பர்ட் அட்டர்பெர்க். அணை, சாலை போடும் பொறியாளர்கள் இன்றும் இவர் பெயரைச் சொல்லித்தான் மண் பரிசோதனை செய்கிறார்கள். ஆனால் இவர் பொறியாளர் அல்ல, விவசாயத்துக்காக உழைத்த வேதியியலாளர்.

1846-ல் பிறந்த அட்டர்பெர்க், உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்து 1872-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1877-ல் கல்மார் என்ற கடலோர ஊரில் வேதியியல் மற்றும் விதைப் பரிசோதனை நிலையத்தின் தலைவரானார். பல ஆண்டுகள் ஓட்ஸ் ரகங்களைப் பிரித்து வகைப்படுத்தினார். மண் ஆராய்ச்சிக்குத் திரும்பியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

முதலில் மண் துகள்களை அளவு பார்த்துப் பிரித்தார். 0.002 மி.மீ.-க்குக் கீழே இருப்பதுதான் களி என்ற எல்லை இவர் வகுத்தது. ஆனால் துகளின் அளவு மட்டும் போதாது. வெள்ளைக்கல்லை எவ்வளவு மாவாக அரைத்தாலும் களிமண் போல உருட்ட வராது. எனவே ஈரத்தை வைத்தே மண்ணை அளக்கும் முறையை 1911-ல் வெளியிட்டார்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குழைத்த மண்ணைக் கிண்ணத்தில் வைத்து நடுவில் கோடு கிழித்துத் தட்டினார். பிளவு ஓடி மூடும் ஈரம் நீர்ம எல்லை. மண்ணைத் திரியாக உருட்டும்போது அது உதிரத் தொடங்கும் ஈரம் நெகிழ்வு எல்லை. அதற்குமேல் காய்ந்தாலும் மண் சுருங்காத நிலை சுருக்க எல்லை.

ஈரத்துக்கு ஏன் இத்தனை வலிமை? மண்ணின் இடைவெளிகள் முழுதும் நிரம்பாதபோது, மிச்சத் தண்ணீர் துகள்கள் தொடும் இடங்களில் படலமாக நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. காயக் காய அந்த உறிஞ்சு விசை கூடும், களிமண் கட்டி இறுகும். தண்ணீர் நிரம்பினால் பிடி விட்டுப்போகும். கோடை முழுதும் கல்லாக நின்ற மண்கரை, அடைமழையில் சரிவதற்கு இது முக்கியக் காரணம். இந்த விசையை அளக்கும் கருவிகள் பிற்பாடு வந்தன. அட்டர்பெர்க்கிடம் இருந்தவை கிண்ணமும் விரல்களும்தான்.

1916-ல் அவர் மறைந்தார். 1932-ல் ஆர்தர் காசகிராண்டே என்ற பொறியாளர், கிண்ணத்தைத் தட்ட ஒரு கைச்சுற்றுக் கருவி செய்து கொடுத்தார். திரி 3 மி.மீ. பருமன் இருக்க வேண்டும் என்பதும் பின்னால் வந்த கணக்கே.

அந்தத் திரியை நீங்களும் உருட்டிப் பார்க்கலாம். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி களிமண் எடுங்கள். 3 மி.மீ. திரி உடையாமல் வந்தால் ஈரம் அதிகம். டிராக்டர் இறக்கினால் அடிமண் இறுகிவிடும். அந்தப் பருமன் வருவதற்கு முன்பே உதிர்ந்தால் உழலாம். சேற்றுழவுக்கு இது பொருந்தாது. மணற்பாங்கான மண்ணில் திரியே வராது.

பண்ணைக்குட்டைக்குக் களிமண் கரை போடுவோரும், திரி உதிரும் தறுவாயில் உள்ள மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்குவது நல்லது. வறண்ட மண்ணை அப்படியே கொட்டி இறுக்கிய கரை பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், குட்டையில் முதல் தண்ணீர் நிற்கும்போதே அமுங்கிப் பிளக்கலாம்.