தெருவில் நடக்கக் கேட்ட திவான் பகதூர்
இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்க்கை

உத்திரமேரூருக்கு வருகின்ற வெளியூரார் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் காணாமல் திரும்புவதில்லை. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. ஜனநாயகத்தின் தொட்டில் என்று அவற்றை நாம் புகழ்கிறோம். அப்புகழில் தவறில்லை. ஆயினும் அக்கல்லிலேயே இன்னொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவன் பெயரே குடத்தில் இடப்படும் என்பதுதான் அது. நிலமற்றவனின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்திற்குள் ஒருநாளும் விழுந்ததில்லை.

இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1859ஆம் ஆண்டு, குடத்திற்கு வெளியே நின்ற மக்களிடையே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். இஸ்லாமியப் பக்கத்தில் முஸ்லிம் அல்லாத ஒருவரின் சரிதை எதற்கு என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். நீதிக்குச் சாட்சி நிற்கும்படி நம் மார்க்கம் ஏவும்போது, எவருக்கு நீதி என்று இனம் பிரித்து ஏவவில்லை. கறுத்த அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல உயர்த்திய வரலாற்றை மிம்பரில் கேட்டு மகிழ்கின்ற நாம், நமது பக்கத்து ஊரில் பிறந்த ஒருவர் தெருவில் நடப்பதற்காக நடத்திய போராட்டத்தை அறியாதிருப்பது அழகன்று.

அன்னார் பிறந்த காலத்தில் இந்த ஜில்லாவின் நிலை என்ன? கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891இல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கை அதைத் தெளிவாக்குகிறது. ஊர் நிலம் முழுவதும் மிராசுதார்கள் கையில் இருந்தது. சேரியில் வாழ்ந்தவர் படியாளாக உழைத்தனர். அவர்களுடைய குடிசை நின்ற மனைகூட மிராசுதாருக்குரியதே. கூலி போதாதென்று வாய் திறந்தால் குடிசையை விட்டு வெளியேற்றப்படலாம். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலோ, மிராசுதாருக்கே அதில் முன்னுரிமை. இவ்வறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது அந்நிலமே.

காவலும் நீதியும் இதே கைகளில்தான் இருந்தன என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருட்டோ அடிதடியோ நேர்ந்தால் முதலில் முறையிட வேண்டியது கிராம முன்சீப்பிடம். அவர் பெரும்பாலும் நிலமுடைய சாதியைச் சேர்ந்தவர். பதவியோ தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்வது. அடித்தவனின் உறவினரிடமே அடிபட்டவன் முறையிட வேண்டிய ஏற்பாடு இது. சென்னை ராஜதானியின் 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கும் ஒருபடி மேலே சென்றது. சிறு குற்றம் செய்த மேல்சாதியாரைக் கிராமத் தலைவர் சில மணி நேரம் காவலில் வைக்கலாம். தாழ்ந்த சாதியாராயின் தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம் என்று அது விதித்தது. குற்றம் ஒன்றாயினும் உடலுக்கு ஏற்றபடி தண்டனை வேறு! கொடியவர் ஒருவர் இருவரின் குணக்கேட்டால் விளைந்ததன்று இது. சட்டப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே உயிரிழந்தபோது உலகமெங்கும் எழுந்த கேள்வி, அந்த ஒரு போலீஸ்காரரைப் பற்றியது மட்டுமன்று. அவரை நியமித்த ஏற்பாட்டைப் பற்றியது. அக்கேள்வியை நம் மண்ணில் 130 ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டவர் சீனிவாசன்.

அன்னார் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். உடன் பயின்ற ஏறத்தாழ 400 மாணவருள் மிகச் சிலர் தவிர அனைவரும் பிராமணர். தம்முடைய ஊரும் உறவும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் விளையாடவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். பின்னர் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்து, 1890இல் சென்னை வந்து சேர்ந்தார். தமிழறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய தங்கையின் கணவர். இருவரின் வழிகள் பின்னாளில் பிரிந்தன என்பது வேறு கதை.

1893 அக்டோபரில் நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குப் பறையன் என்றே பெயர் சூட்டினார். எந்தப் பெயர் தெரிந்துவிடக் கூடாதென்று இளமையில் ஒளிந்து வாழ்ந்தாரோ, அந்தப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு இறுதியில் அவர் செய்த ஒரு காரியம் இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் மகாசபை கோரிக்கொண்டிருந்தது. சீனிவாசன் அதை எதிர்த்து 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு தயாராகிப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. வெள்ளையர் ஆட்சிக்கு வால் பிடித்தார் என்று அவரைப் பழிப்பவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அந்தப் பரீட்சையில் தேறி யார் கலெக்டராகவும் நீதிபதியாகவும் வருவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். கிராமத்தில் முன்சீப்பாக இருப்பவரின் படித்த தம்பியே ஜில்லாவின் தலைவராகவும் அமர்ந்தால் சேரி மனிதன் எங்கே சென்று முறையிடுவான் என்பதே அவருடைய கவலை. அந்நியனின் நடுநிலையை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். தொழுமரச் சட்டத்தை எழுதியதும் அந்த அந்நியன்தானே!

பின்னர் கடல் கடந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்காவில் கழித்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்த நாடு அது. டிரான்ஸ்வாலில் இந்தியர் எவராயினும் கைரேகை பதித்த சீட்டு வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும். அங்கே சாதி உயர்வு செல்லுபடியாகவில்லை. குஜராத்தி வணிகரும் தமிழ்க் கூலியும் வெள்ளையரின் கண்ணுக்கு ஒரே நிறம். அந்த அவமானத்தைப் பொறாது நம்மவர் சிறை சென்றது பெருமைக்குரியது. ஆனால் அதே ஆண்டுகளில் நமது கிராமங்களில் எத்தனை தெருக்கள் எத்தனை பேருக்கு அடைக்கப்பட்டிருந்தன!

1921இல் தாயகம் திரும்பி, 1923இல் சென்னை சட்டசபையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானமே அவருடைய வாழ்வின் சிகரம். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்த எவ்விதத் தடையும் இல்லை என்று அது கூறிற்று. தீர்மானம் நிறைவேறி, 1925இல் அரசிதழிலும் வெளியாயிற்று. நடப்பதற்கும் நீர் எடுப்பதற்கும் ஓர் அரசிதழ் அறிவிப்பு தேவைப்பட்ட நாடு நமது நாடு. விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்றும் அவர் அச்சபையில் வாதாடினார்.

1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டிற்கு டாக்டர் அம்பேத்கரும் அவருமே தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றனர். சம குடியுரிமை, சமூகப் பகிஷ்காரம் செய்வோருக்குத் தண்டனை, அரசுப் பணிகளில் உரிய இடம் ஆகியவற்றை இருவரும் கூட்டாக எழுத்தில் கோரினர். மாநாட்டின் அரசுப் பணிகளுக்கான உபகுழு, போலீஸ் உள்பட இவர்கள் விலக்கி வைக்கப்பட்டிருக்கும் எல்லாப் பணிகளையும் திறந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. காக்கிச் சட்டை அணியத் தகுதியற்றவர் என்று ஒரு மக்கள் கூட்டம் அதுவரை ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுவதில்லை. 1932 பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனின் கையொப்பம் உண்டு.

1935இல் அம்பேத்கர் மதம் மாறப் போவதாக அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. தம் மக்கள் வருணத்திற்கு வெளியே உள்ளவர்கள். இல்லாத வீட்டிலிருந்து வெளியேறுவது எப்படி என்பது அவருடைய எண்ணம். இதைக் கேட்டு நாம் வருந்த வேண்டியதில்லை. அந்நாட்களில் எல்லாச் சமயத்தாரும் இம்மக்களின் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலடி எந்தத் தெருவில் படலாம் என்று எண்ணியவர் குறைவு. நம்மவரையும் விலக்கிச் சொல்வதற்கில்லை. பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நின்றுவிட்டு, வயலில் தமக்காக நாற்று நட்டவருக்குத் திண்ணையோரம் தனிக் குவளை வைத்திருந்த வீடுகளை என் சிறு வயதில் கண்டிருக்கிறேன்.

திவான் பகதூர் பட்டம் 1936இல் வந்தது. தம் வரலாற்றை 1939இல் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். அவருடைய நினைவு மண்டபம் சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. பரம்பரையாக வந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது 1980ஆம் ஆண்டின் இறுதியில். அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர்.